காட்டில் பழகிய யார்க்கர்

1965 அக்டோபர் 2 வரை தர்மபுரியும் சேலம் ஜில்லாதான். அன்று மாவட்டத்தைப் பிரித்தார்கள். மண்ணும் வெயிலும் பிரியவில்லை. அதனால் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனை எங்கள் பையன் என்று சொல்ல, பாலக்கோட்டுக்காரனான எனக்கு உரிமை உண்டு.

எங்கள் ஊரில் கிரிக்கெட்டுக்கென்று தனி மைதானம் கிடையாது. ஏரி வற்றினால் ஏரி, ராகி அறுத்தால் காடு. மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்தால் பிட்ச். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், டென்னிஸ் பந்து. நானும் பத்து வருடம் பந்து போட்டவன். அந்தப் பந்துக்குக் கனமில்லை. நடுவில் குத்தினால் எழும்பி நிற்கும். சுற்றினால் ஏரிக்கரை தாண்டும். பந்து போடுகிறவனுக்குப் பிழைக்க ஒரே இடம், எதிரே நிற்பவனின் கால் கட்டைவிரல். தோளை முழுக்க இறக்கி அங்கேயே போட வேண்டும். ஓரடி முன்னால் விழுந்தாலும் சிக்ஸர். எந்தக் கோச்சும் சொல்லித் தரவில்லை. அடி வாங்கியே யார்க்கர் கற்றோம்.

1991-இல் பிறந்த நடராஜனும் இருபது வயதுவரை இந்தப் பந்தில்தான் ஆடினார். அம்மாவுக்குச் சாலையோரக் கோழிக்கறிக் கடை. ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்கு அனுப்பி, நான்காம் டிவிஷனில் ஆட வைத்தார். 2015-இல் முதல் ரஞ்சி ஆட்டம். உடனே பந்து வீசும் முறையில் சந்தேகம் என்றார்கள். கை வீச்சையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு அவருடைய விக்கெட்டுகளைவிட இதுதான் பெரிது.

யாரும் பெரிதாக எண்ணாமல் இருந்து உயர்ந்தவர்கள் வேறு ஆட்டங்களிலும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஏழு சூப்பர் பவுல் கோப்பைகளை வென்ற டாம் பிராடியை, வீரர் தேர்வில் 2000-இல் 199-வது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவருக்குப் பள்ளி அணி இருந்தது, கல்லூரி அணி இருந்தது. நடராஜனுக்கு இருந்தது காடு.

2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. 2020-இல் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முதலாக இறங்கினார். அப்படி வேறு இந்தியர் அதுவரை இல்லை. பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். சதமடித்த லபுஷேன் அதில் ஒருவர். தொடரை வென்றதும் கேப்டன் ரஹானே கோப்பையை அவர் கையில் கொடுத்தபோது டீவி முன்னால் அழுதேன்.

2023 ஜூன் 23 அன்று சின்னப்பம்பட்டியிலேயே அவர் கட்டிய மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர், தாரமங்கலம் வழியாகப் போகலாம். வீட்டில் பந்து போடும் பையன் இருந்தால் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.