தரையைப் பார்ப்பதா, தாளைப் பார்ப்பதா? விழுப்புரம், திண்டிவனம் வீடுகளின் வரலாறு

புது வீடா, பழைய வீடா என்று கேட்டால் பெரும்பாலும் சுவரைப் பற்றித்தான் பேச்சு வரும். புதுசுன்னா டைல்ஸ், கார் நிறுத்த இடம். பழசுன்னா கெட்டி மரம், குளிர்ச்சி. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் சுவரைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு உண்டு என்பது என் எண்ணம். ஒன்று, வீடு நிற்கும் தரை. இன்னொன்று, அந்தத் தரைக்கு இருக்கும் தாள்.

எங்கள் குடும்பத்துக்கே இப்போது இந்தக் கேள்வி வந்திருக்கிறது. விழுப்புரத்துக்கு வெளியே புது மனைப்பிரிவில் ஒரு வீடு, திண்டிவனத்தில் பழைய தெருவில் ஒரு மச்சு வீடு. கையிருப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தால் ஒன்றுதான் வாங்க முடியும். அண்ணிக்குப் புதுசு பிடித்திருக்கிறது, அப்பாவுக்குப் பழசு. எனக்குத் தெரிந்த வேலை பழைய பதிவேடுகளைப் புரட்டுவது. அதைச் செய்தேன்.

முதலில் தரை. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. ஊருக்குள் இருக்கும் கிடங்கல் அதைவிடப் பழைய பெயர். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. கிடங்கு என்றால் அகழி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீர் நின்ற இடம் என்று பெயரே சொல்கிறது. இன்றும் அங்கே கிடங்கல் ஏரி இருக்கு.

பழைய தென்னார்க்காடு முழுக்க ஏரிப் பாசன நாடு. ஏரி, அதன் கரை, மதகு, மதகுக்குக் கீழே நஞ்சை, உபரி நீர் வழியக் கலங்கல். இவ்வளவுக்கும் ஒதுங்கி, கொஞ்சம் மேட்டில் வீடுகள். அந்தக் குடியிருப்பு மேட்டைத்தான் வருவாய்க் கணக்கு நத்தம் என்று எழுதியது. நஞ்சையில் வீடு கட்டினால் நெல்லும் போகும், மழைக்காலத்தில் வாசலில் தண்ணீரும் நிற்கும். அதனால் யாரும் கட்டவில்லை.

1870களில் ரயில் வந்தது. 1879இல் புதுச்சேரிப் பாதையும் சேர்ந்து விழுப்புரம் சந்திப்பானது. அப்போதும் ஊர் நிலையத்தைச் சுற்றி மெதுவாகத்தான் வளர்ந்தது. வேகம் கூடியது 1993 செப்டம்பர் 30க்குப் பிறகு. அன்றுதான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. அலுவலகங்கள் வந்தன, பிறகு நான்குவழிச் சாலை வந்தது, மனை விலை ஏறியது. நத்தத்தில் இடம் ஏது? நஞ்சைக்கும் ஏரி ஓரத்துக்கும் வீடுகள் இறங்கின. அரசே அந்தப் பக்கம்தான் போனது. ஏரி இடத்தில் கட்டிய விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் பெருமழை வந்தால் குளமாவது ஊருக்கே தெரிஞ்ச கதை.

இதற்கான பரீட்சை 2024இல் நடந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. திண்டிவனத்தில் கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து ஏறத்தாழ 1.7 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. இந்த அளவு வெள்ளத்துக்கு மேடு பள்ளம் எல்லாமே கஷ்டப்பட்டது உண்மைதான். ஆனால் சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழைக்கே தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். பழைய ஆயக்கட்டு எது என்று தெரிந்துவிடும்.

அதுக்காகப் பழைய வீடுன்னாலே நல்ல வீடுன்னு சொல்ல வரவில்லை. பழசிலும் வகை உண்டு. சிமென்ட் பரவுவதற்கு முந்தைய மச்சு வீட்டில் சுண்ணாம்புக் கலவைச் சுவர், தேக்கு உத்திரம் அல்லது பனங்கை, அதன்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பெயரும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைத்தான் கரையான் முதலில் பிடிக்கும். நடுத்தர வயசு வீடுகள் வேறு மாதிரி. நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கான்கிரீட் தளத்தில் கம்பிக்கு மேல் கலவை போதாமல் இருந்தால், கம்பி துருப்பிடித்து வீங்கி, கூரையின் அடிப்பக்கம் தகடு தகடாக விழும். என்னைக் கேட்டால், நன்றாகப் பார்த்துக்கொண்ட மச்சு வீட்டைவிட இந்த வகைக்குத்தான் இன்ஜினீயரைக் கட்டாயம் கூட்டிப் போகணும்.

இனி தாள். இங்கே நிலைமை தலைகீழ். பழைய வீட்டின் தரை நல்லது, தாள் சிக்கல். பாட்டன் பெயரில் பத்திரம், பாகம் பிரிக்காத வாரிசுகள். இணையத்தில் வில்லங்கச் சான்று குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லிக் கேட்கணும். பெண்கள் பங்கு பெரிய விஷயம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989லேயே வந்தது, ஆனால் அதற்குமுன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று உறுதிப்படுத்தியது. "அக்காவுக்கெல்லாம் அப்பவே நகை போட்டாச்சு" என்று விற்பவர் சொன்னால் நம்பி உட்காரக் கூடாது. அக்காவும் கையெழுத்துப் போடணும்.

புது வீட்டின் தாள் பார்க்கச் சுத்தமாக இருக்கும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, மனைப்பிரிவு அங்கீகாரத்தை எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். ரெரா சட்டத்தின்படி வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டி விற்றவரே சரிசெய்து தரணும். ஆனால் மனைக்கு அங்கீகாரம் இருப்பதால் அதில் தண்ணீர் நிற்காது என்று ஆகிவிடாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் அ-பதிவேடு பார்த்ததில், விழுப்புரத்துப் புது வீட்டின் புல எண் நஞ்சை, ஏரிப் பாசனம். திண்டிவனத்து வீடு நத்தம், ஆனால் வாரிசு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் வெளியூரில் இருக்கும் மகள்கள். என் கட்சி பழைய வீடுதான். காரணம் எளிது: தாள் சிக்கலைக் காலமும் செலவும் செய்து தீர்க்கலாம், பள்ளத்தை நாம ஒருத்தர் தீர்க்க முடியாது. நம் வீட்டை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், தெரு அப்படியே இருக்கும். ஐந்து கையெழுத்தும் வராவிட்டால் முன்பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டோம். வராத பட்சத்தில் புஞ்சையில் அமைந்த புது மனையாகத் தேடுவோம். அண்ணியும் இதற்குச் சம்மதம்.

நீங்கள் இந்தப் பக்கம் வீடு தேடினால், விற்பவர் காட்டும் வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் புல எண்ணின் பழைய வகைப்பாட்டைக் கேளுங்கள். பக்கத்து ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கு, உபரி நீர் எந்த வாய்க்காலில் போகும் என்று நடந்து பாருங்கள். வீடு பார்க்கப் போவதைக் கார்த்திகை மாசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.