அறிவொளி இயக்கம்: ஓர் இரங்கல்

எழுதப் படிக்கக் கற்பித்த அறிவொளி இயக்கம் மறைந்த நாள் எது என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது. பறையும் பாட்டும் ஊர்வலமுமாக வந்த ஒன்று, போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிற்று. பொதுச்சுவரில் இருந்த அதன் முழக்கங்களின் மேல் தேர்தல் சின்னமும், சின்னத்தின் மேல் சிமென்ட் விளம்பரமும் ஏறிய பிறகுதான் பலருக்கும் அது இல்லாமல் போனது உறைத்தது.

அதன் வரவு நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1988இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்கள் வீடு வீடாக நடந்து, 1990 பிப்ரவரியில் எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் மாவட்டமாக்கினார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அறிவியல் இயக்கங்களின் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராக வந்து தெருமுனையில் ஆடிப் பாடிவிட்டுப் போயின. அதன் பின்னால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் மாவட்ட ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்ட அந்த அரிய காலத்தில், மாவட்டம் மாவட்டமாக அறிவொளி பிறந்தது. 1991 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர்தான் என்ற நிலையில், அது முதலில் தேடிப்போனது மற்ற 49 பேரின் வாசலை.

எழுத்துக் கற்பிப்பதே அதன் வேலை என்றுதான் கோப்பில் எழுதியிருந்தது. ஆனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டோடு இருந்த ஒரு பெண், பத்துப் பேரை அரிக்கேன் விளக்கின் முன் கூட்டி உட்காரவைக்க என்னவெல்லாம் பழக வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் அதன் உண்மையான பணி விளங்கும். களையெடுத்துவிட்டு வந்து உலை வைத்துக்கொண்டிருப்பவரை அலுப்பில்லாமல் அழைக்கவும், மண்ணெண்ணெய்க்கு ஆள் பிடிக்கவும், எந்தத் திண்ணையில் கூடினால் எந்தத் தெருவுக்காரர் வரமாட்டார் என்று தெரிந்து இடத்தை மாற்றவும், மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் வந்து உட்கார்ந்தால் இருவரையும் பேசவைக்கவும், ‘இந்த வயசுல என்ன படிப்பு’ என்று கேலி பேசும் ஆண்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லவும் அவர் கற்றுக்கொண்டார். பாடத்தைப் பேச்சிலிருந்து தொடங்கி, பேச்சில் விழுந்த சொல்லைப் பலகையில் எழுதி, சொல்லைப் பிரித்து எழுத்துக்குப் போகும் முறை பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃப்ரெய்ரேயிடமிருந்து வந்தது. அந்தப் பெயரைக் கேட்டறியாத தொண்டர்களும் அந்த முறையில் தேர்ந்திருந்தார்கள். கூலி, குடிநீர், பட்டா, சாராயம் என்று பேச்சு எங்கு போனாலும் அதை அடக்காமல் கேட்டு, ‘சரி, இதுக்கு என்ன செய்யலாம்?’ என்று வட்டத்திடமே திருப்பிக் கேட்கும் பக்குவத்தைக் கருத்தாளர்கள் பயிற்சி முகாம்களில் பாட்டாகவும் நாடகமாகவும் ஊட்டியிருந்தார்கள். அரசு எழுத்தறிவு வகுப்பு என்று நினைத்த இடம், ஊர்த் தலைமைக்கு நாற்றங்காலாக இருந்தது.

தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதை அன்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெருமைக்குள் ஓர் அநியாயமும் இருந்தது என்பதை, இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டிய இந்த நேரத்திலும் சொல்லத்தான் வேண்டும்.

புதுக்கோட்டையை நினைக்காமல் அறிவொளியை நினைக்க முடியாது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த மாவட்டத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1992இல் ஒரே வாரத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டியவர்களில் சிலர், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பினார்கள். பேருந்துக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திராமல் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்த் திரும்ப முடிந்த பெண்தான் பிறகு ஊர் வேலைக்கு வந்தாள். அந்த வகையில் சைக்கிளும் பாடத்தில் சேர்த்தி.

அறிவொளியின் உடன்பிறப்பான எழுத்தறிவு இயக்கம் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் செய்ததையும் நாம் அறிவோம். துபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவுப் பாடத்தில் வந்த கதையைப் படித்து விவாதித்த பெண்கள் எழுந்துபோய்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. படிக்கக் கற்றுக்கொடுத்தால் இதுவும் நடக்கும் என்று அரசுகள் அப்போதுதான் கண்டுகொண்டன.

இங்கே 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனபோது, மேடையில் கூச்சமில்லாமல் பேசவும், மனு எழுதவும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று அதற்கு ரசீது கேட்டு வாங்கவும் தெரிந்த பெண்கள் ஊர்களில் இருந்தார்கள் என்றால், அதில் அறிவொளிக்குப் பெரும்பங்கு உண்டு. கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போட்டார் என்பதைப் புள்ளிவிவரம் குறித்துக்கொண்டது. கற்பிக்க வந்தவர் ஊர்ப் பொறுப்புக்கு உயர்ந்ததைக் குறிக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கடைசிக் காலம் நீண்டது. அறிவொளிக்குப் பின் தொடர்கல்வி, அதற்குப் பின் வளர்கல்வி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆட்சியர்கள் மாற்றலாகிப் போனார்கள். திண்ணை வட்டங்கள் போய்ப் பூட்டுத் தொங்கும் மையங்கள் வந்தன. சுயஉதவிக் குழுக்கள் வந்தபோது அதே பெண்கள்தான் ஊக்குநர்களாகவும் பிரதிநிதிகளாகவும் பொறுப்பேற்றார்கள். ஆனால் கூட்டத்தில் ‘இதுக்கு என்ன செய்யலாம்?’ என்ற கேள்வி இருந்த இடத்தில் ‘இந்த மாசத் தவணை யார் பாக்கி?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. 2009இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் சாக்ஷர் பாரத் என்று பெயர் மாறியபோது நம்முடைய அறிவொளியின் உயிர் பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது. எழுத்தறிவு விழுக்காடு ஏறிவிட்டது, இனி என்ன தேவை என்று எண்ணியவர்கள், அது எதையெல்லாம் வளர்த்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

தபால் துறை ஊழியராக இருந்து நெல்லையில் இந்தப் பணியில் இறங்கிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் தம் பங்கை எழுதிவைத்துவிட்டார். மற்றவர்களில் பலர் எழுதவில்லை. அன்று இருபது வயதில் வகுப்பெடுத்த பெண்கள் இன்று ஐம்பதைத் தாண்டி நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்; ரேஷன் கடை வரிசையில் தகராறு வந்தால் இன்றும் முதலில் பேசுவது பல ஊர்களில் அவர்கள்தான். உங்கள் ஊரில் அப்படி ஓர் அக்கா இருந்தால், யாரை எப்படிக் கூட்டினார், எந்தப் பேச்சில் வட்டம் உடைந்தது, எதைச் சொல்லி மறுபடி சேர்த்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இனி இப்படி ஒன்றைத் தொடங்க யாராவது வந்தால் அவர்களுக்கு அந்த நோட்டு தேவைப்படும்.