மூங்கிலான முதுகு

"இருபத்தைந்து வயதுக் காளைக்கு முதுகு வலியாம்! விடிந்து இரண்டு நாழிகை ஆகியும் பாயை விட்டு எழ மனமில்லை, அதற்கொரு சாக்கு!"

எங்கள் ரிஷிவந்தியத்துத் திண்ணை ஒன்றில், ஓர் இளைஞனைக் குறித்து நான் கேட்ட தீர்ப்பு இது. சோம்பல் என்றார் ஒருவர். முன்வினை என்றார் மற்றொருவர். மூன்றாமவரோ சூடு போடச் சொன்னார், பழுக்கக் காய்ச்சிய இரும்பினால்! நோயின் பெயரைக் கேட்டவர் எவருமில்லை.

பெயர் உண்டு. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு இறுக்க வாதம். வரலாறும் உண்டு.

1690களில் பெர்னார்ட் கானர் என்னும் அயர்லாந்து மருத்துவர், பிரான்சு நாட்டில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்றை ஆராய்ந்தார். இடுப்பெலும்பும், முதுகின் பதினைந்து கண்டங்களும், விலா எலும்புகளும் ஒட்டி ஒரே எலும்பாகிக் கிடந்தன. குனியவும் இயலாது, திரும்பவும் இயலாது வாழ்ந்து மடிந்தவன் யாரோ! இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல் ரஷ்யாவின் பெக்டெரெவ், 1897இல் ஜெர்மனியின் ஸ்ட்ரும்பெல், 1898இல் பிரான்சின் பியர் மாரி ஆகியோர் உயிருள்ள நோயாளரிடத்தே அதனைக் கண்டு எழுதினர். பின்னர் எக்ஸ்ரே வந்தது. முற்றிய நோயில் முதுகெலும்பு மூங்கில்போல் தெரிகிறது என்றனர் மருத்துவர். கல்வராயன் மலையடிவாரத்தாருக்கு அவ்வுவமையை விளக்கவும் வேண்டுமோ?

படம் காட்டிய எக்ஸ்ரேயையே மருந்தாகவும் ஆக்கினர். வலி தணிந்தது, மகிழ்ந்தனர். ஆனால், 1935 முதல் 1954 வரை பிரிட்டனில் அச்சிகிச்சை பெற்ற 14,000க்கு மேற்பட்டோரைக் கோர்ட் பிரவுனும் ரிச்சர்ட் டாலும் பின்தொடர்ந்து கணக்கெடுத்தனர். இரத்தப் புற்றுநோயால் மாண்டோர் எதிர்பார்த்ததினும் ஏறத்தாழப் பத்து மடங்கு! 1957இல் முதல் எச்சரிக்கை வெளிவந்தது. மேல்நாட்டு மருத்துவம் தன் பிழையைத் தானே எண்ணி வெளியிட்டது. அதுவே அதன் பெருமை என்பேன்.

முன்வினை வாதத்துக்கு விடை 1973இல் கிடைத்தது. லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் ஆய்ந்தோர், நோயாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபுக்கூறு இருக்கக் கண்டனர். அக்கூறு உடையாரில் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை என்பதும் உண்மை. வந்தவர்க்கோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குகிறது. காவற்காரனே வீட்டை இடிப்பதுபோல. ஓய்ந்தால் வலி பெருகும், அசைந்தால் தணியும். விடியலில் அவன் எழ முடியாமற் போனதன் காரணம் அதுதான். சோம்பலாம், சோம்பல்!

நம் சித்த மருத்துவம் என்ன சொல்கிறது என்று கேட்பீர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாதத்தை 80 வகையாகப் பிரித்தது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி அமைத்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவத்தை ஆராய்ந்தது. 1925இல் சென்னையில் அதற்கெனப் பள்ளியே எழுந்தது. ஆராய்ச்சிக்கு அஞ்சாத மரபு அது. நொச்சி ஒற்றடமும் இளஞ்சூட்டு எண்ணெயும் வலிக்கு இதம் தரும், மறுக்கவில்லை. எலும்பு இறுகுவதை அவை தடுக்குமென்பதற்குச் சான்றில்லை. இறுகிய முதுகை முறுக்கிச் சொடுக்கெடுப்பதோ, எலும்பையே முறித்துவிடக்கூடும். அழற்சி தணிக்கும் மாத்திரை, அது போதாதபோது 2003 முதல் இந்நோய்க்கு வழங்கப்படும் டி.என்.எஃப். தடுப்பு ஊசி, அவற்றோடு நாள்தோறும் உடற்பயிற்சி, இவையே சோதித்துத் தேர்ந்த வழிகள். ஊசியின் விலை ஏழைக்கு எட்டாதது. அது தனி வழக்கு.

அந்த இளைஞனை ஒருவாறு நகரத்து மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம். இப்போது மாத்திரை உண்கிறான். மாலைதோறும் பாசனக் கிணற்றில் நீந்துகிறான். மற்றப் பிள்ளைகள் மேலிருந்து குதிக்க, அவன் மட்டும் படிவழியே இறங்குகிறான்.