முக்காலியும் நாற்காலியும்

திருவனந்தபுரம் சட்டக் கல்லூரி 1875இல் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசுக்கு வக்கீல்களையும் முன்சீப்புகளையும் தந்த கல்லூரி என்பார்கள். அந்த அரசையே எதிர்த்து நின்றவர்களும் அங்கே படித்தவர்கள்தான்.

பள்ளியாடியில் 1895இல் பிறந்த நேசமணி அங்கே சட்டம் படித்து, 1921இல் நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வக்கீலாக வந்தார். உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீருக்கும் தனித்தனிப் பானை. எழுதியது ஒரே தேர்வு, வாங்கியது வக்கீல் தொழில் செய்ய ஒரே சன்னது. உட்காருவதற்கு மட்டும் சாதி! நேசமணி முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். அந்தத் துணிச்சல் அவருடையது. ஆனால் துணிச்சலுக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். அதைக் கொடுத்தது சட்டப் படிப்பு. தெருவில் இதைச் செய்திருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள். சன்னது வைத்திருப்பவரைச் சாதியைக் காட்டி நீதிமன்றத்தை விட்டு வெளியே போ என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தபோது, அந்த இணைப்புக்கான போராட்டத்தின் தலைவர் அவரே.

அதே கல்லூரியில் படித்த அன்னா சாண்டி கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். 1937இல் முன்சீப், 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். இந்தப் பெருமைகளைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. திருவிதாங்கூரில் அன்று பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. அந்தச் சலுகை வேண்டாம் என்று வாதாடினார் அவர். சமம் என்றால் கசப்பிலும் சமம் என்று துணிந்த மனம் அது.

ஆனால் பட்டம் மட்டும் போதுமா? தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான். அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 அன்றே காலாவதியாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986இல். இடையில் 35 ஆண்டுகள். ஆண்டுதோறும் சட்டப் பட்டதாரிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் மேரி ராய், கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியை.