இருபத்தொன்பது இலக்கமும் கிரந்த எழுத்தும்

திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையில் குந்தவை ஜினாலயம் எழுந்த காலத்தை ஒட்டியே, கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயர் போற்றிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தை இயற்றினார். அந்நூலின் ஜீவகாண்டம், பர்யாப்த மனிதர்களின் தொகையாக ஒரு பேரெண்ணைக் கூறுகிறது: 79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்டது. இன்றைய மக்கள்தொகைக் கணக்கோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. ஆகமம் எண்ணுவது இரண்டரைத் தீவு முழுவதையும். இங்கே நோக்கத்தக்கது அதன் கணிதம்.

இவ்வெண் பிறக்கும் வழி எளியது. இரண்டின் வர்க்கம் 4; அதன் வர்க்கம் 16; அடுத்தது 256; நான்காவது 65536. இந்நான்காம் வர்க்கத்தைப் பிராகிருதத்தில் 'பண்ணட்டி' என்பர். அறுபத்தைந்து என்பதே அதன் பொருள். முன்னிற்கும் இலக்கங்களே பெயராயின. ஐந்தாம் வர்க்கமாகிய 4294967296 'பாதால்', அதாவது நாற்பத்திரண்டு. இதன் கனமே மேற்கண்ட பேரெண். ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கினும் அதுவே கிடைக்கும்.

ஓரெண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சுமோ, அத்தனையும் அதன் அர்த்தச்சேதம். நேமிசந்திரருக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், வீரசேனாச்சாரியர் தம் தவளா உரையில் இதனை விரிவாகக் கையாண்டுள்ளார். ஐந்தாம் வர்க்கத்திற்கு அர்த்தச்சேதம் 32, ஆறாவதற்கு 64, இரண்டின் பெருக்கத்திற்கு 96. பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. ஸ்காட்லாந்து அறிஞர் நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கையின் உயிர்நிலையும் இதுவே. அவருடைய அட்டவணை வேறெண்களுக்கும் உதவுவது என்பதை மறுக்க வேண்டுவதில்லை. கருத்து முற்பட்டது என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

இத்துணை நீண்ட எண் ஏடுதோறும் பெயர்த்தெழுதப்பட்டும் சிதையாமல் காக்கப்பட்டமைக்குக் காரணம் கடபயாதி முறை. இலக்கத்திற்கு ஓரெழுத்தாக இருபத்தொன்பது எழுத்துகளைக் காதைக்குள் அமைத்துவிட்டனர். எழுத்துகளை வரிசையாகப் படித்து, இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். முதலெழுத்து 'த', அது கடைசி இலக்கமாகிய 6. இறுதியெழுத்து 'ஸா', அது முதல் இலக்கமாகிய 7.

தமிழ்ச் சமணர்க்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ் நெடுங்கணக்கில் 'க' ஒன்றே நான்கு ஒலிகளுக்கு நிற்கும்; கடபயாதியில் அந்நான்கும் முறையே 1, 2, 3, 4. 'த' வரிசையோ 6, 7, 8, 9. ஆகவே அக்காதையைத் தமிழெழுத்தில் மட்டும் எழுதிவைத்தால் எண் கலைந்துபோகும். கிரந்த எழுத்து இன்றியமையாதது. வடமொழி, பிராகிருத நூல்களை நம் முன்னோர் கிரந்தத்தில் எழுதிவைத்ததன் அருமை இத்தகைய இடத்தில்தான் விளங்கும். அவ்வேடுகளைப் படிக்கவல்லார் இன்று மிகச் சிலரே.

பிழை நேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 64ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. நம் பேரெண் பதினாறு அறுபத்துநான்குகளின் பெருக்கம். ஆதலின் அதற்கும் மீதி 1 வரவேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 127. மீதி 1 சரியாக வருகிறது. காதையில் 3ஐக் குறிக்கும் மெலிந்த 'க' இருமுறை வருகிறது. அவற்றுள் ஒன்றை வல்லோசையாகக் கொண்டு 1 என்று படித்தால் கூட்டுத்தொகை 125 ஆகி, மீதி 8 என்று பிழையைக் காட்டிவிடும்.