காண்டர்பரியின் கண்ணாடிச் சாட்சிகள்

இங்கிலாந்து நாட்டுக் காண்டர்பரி பேராலயத்தில் 1170 டிசம்பர் 29ஆம் நாள் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டுண்டு மாண்டார். இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர் நால்வர் புரிந்த கொலை அது. நான்கு ஆண்டுகள் கழிவதற்குள், 1174 செப்டம்பரில், ஆலயத்தின் கிழக்குப் பகுதி தீக்கிரையாயிற்று. அத்தீக்கு முற்பட்ட வண்ணக் கண்ணாடி எதுவும் எஞ்சவில்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது.

மீண்டும் எழுந்த ஆலயத்தின் உயர்ந்த சாளரங்களில் இயேசுவின் மூதாதையர் எனக் கருதப்படுவோரின் உருவங்கள் இடம்பெற்றன. 86 உருவங்களில் இன்று எஞ்சியவை 43. அவற்றுள் நான்கு மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று 1980களில் கூறினார் மேடலின் கேவினஸ் என்னும் கலை வரலாற்றறிஞர். ஓவியப் பாணி ஒன்றே அவர் காட்டிய சான்று. கண்ணின் தீர்ப்பை மட்டும் வைத்து ஆண்டு குறிப்பதை அறிவுலகம் எளிதில் ஏற்குமா?

கண்ணாடியின் இயல்பை இவ்விடத்தில் சற்று விரித்துரைப்பது தகும். வடஐரோப்பியக் கைவினைஞர்கள் மணலோடு மரச்சாம்பலை, சிறப்பாகப் பீச் மரத்தின் சாம்பலைக் கலந்து உருக்கினர். அதனால் பொட்டாஷ் மிகுந்தது. மழைநீரும் உட்புற ஈரமும் அந்தப் பொட்டாஷைக் கரைத்தெடுக்கக் கண்ணாடியில் குழிகள் விழுகின்றன. வெண்மையான பொருக்குப் படர்ந்து ஒளியை மறைக்கிறது. சிரியா நாட்டுக் கலைஞர்கள் வேறுவகைச் செடிகளின் சாம்பலைக் கையாண்டனர். சோடா மிகுந்த அவர்தம் கண்ணாடி இவ்வளவு விரைவில் அரிபடுவதில்லை.

பொருக்குப் படிந்த கண்ணாடியை என் செய்வது? 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தோர் பலர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பதித்தனர். அவர்கள் கைத்திறன் குறைந்தவர்கள் அல்லர். நகல்கள் சில மூலத்தோடு மயங்கும் அளவுக்கு நேர்த்தியானவை. நம்மை உறுத்துவதும் அதுவே. அழகு மீண்டது, சான்று போயிற்று. இக்காலத்தார் வழி வேறு. உருப்பெருக்கியின் கீழ் அழுக்கை மட்டும் சிறுகச் சிறுக நீக்குகின்றனர். பழைய வண்ணக்கோடு உதிருமென அஞ்சினால் கையை எடுத்துவிடுகின்றனர். உடைந்த சில்லுகளைப் பிசினால் ஒட்டுகின்றனர். வெளிப்புறத்தில் வேறொரு கண்ணாடியைக் காவலாக நிறுத்தி, இடையே காற்று உலவ வழி விடுகின்றனர்.

இந்தப் பொறுமைக்குப் பலன் 2021இல் கிட்டியது. பேராலயக் கண்ணாடிப் பணிமனையினரும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்களும் கைக்கருவியொன்றைக் கொண்டு, துணுக்குக்கூட வெட்டியெடுக்காமல், எக்ஸ் கதிரால் கண்ணாடியின் மூலப்பொருள்களை அளந்தனர். இடையிலுள்ள ஈயப் பட்டைகள் கருவியை நெருங்கவிடவில்லை. அதற்கென்றே சிறு இணைப்பொன்றை வடித்துப் பொருத்திக்கொண்டனர். கண்ணாடியின் கலவை காலத்துக்குக் காலம் மாறுவது. அக்கலவை காட்டிய காலம் 1130க்கும் 1160க்கும் இடைப்பட்டது. கேவினஸ் அம்மையாரின் கண் பொய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கைகள் இந்நான்கையும் முழுதும் மாற்றியிருந்தால், கருவி அளந்திருப்பது நகலின் வயதைத்தானே!

அந்நால்வருள் ஒருவர் நாத்தான். பெக்கெட் வீழ்ந்த அந்த மாலையில் அவ்வுருவம் அதே ஆலயத்தில் இருந்திருக்கக்கூடும். 1174 ஜூலையில் மன்னன் ஹென்றி வெறுங்காலோடு வந்து பெக்கெட்டின் கல்லறை முன் கசையடி ஏற்றபோதும் இருந்திருக்கக்கூடும். தீப்பிடித்தது அதன்பின் இரண்டு மாதங்கள் கழியுமுன்.