சுகர், பிபி இருந்தா ஆயுள் காப்பீடு கிடைக்காதா? மருத்துவப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்? முழு விவரம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பீங்கான் பொருட்களுக்குப் பேர் போன ஊர். இங்குள்ள பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் 42 வயதுக்காரர், 50 லட்சம் ரூபாய்க்கு டேர்ம் பாலிசி எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வருடமாக சுகர் இருக்கிறது. "அதெல்லாம் எழுதாதீங்கண்ணே, பிரீமியம் ஏறிடும்" என்கிறார் பாலிசி பிடிக்க வந்தவர். அவர் என்ன செய்ய வேண்டும்?

எதற்காக இந்தப் பரிசோதனை?

பாலிசி கேட்பவரின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் நிறுவனங்கள் பிரீமியத்தை முடிவு செய்கின்றன. இந்த வேலைக்குப் பெயர் அண்டர்ரைட்டிங். வயது, காப்பீட்டுத் தொகை, பழைய நோய்கள், பெற்றோருக்கு இருந்த நோய்கள், சிகரெட், மது, செய்யும் தொழில் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். வயது குறைவு, தொகையும் சிறியது என்றால் பரிசோதனை இல்லாமலே பாலிசி கிடைக்கலாம். ஆனாலும் படிவத்தில் உள்ள உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும்.

என்னென்ன டெஸ்ட்?

* உயரம், எடை, ரத்த அழுத்தம்
* ரத்தத்தில் சர்க்கரை, மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி
* கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள்
* ஹெச்ஐவி பரிசோதனை
* ஈசிஜி, தொகை பெரியதாக இருந்தால் டிரெட்மில் டெஸ்ட்
* புகையிலைப் பழக்கத்தைக் காட்டும் கோட்டினின் டெஸ்ட்

எல்லோருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுக்க மாட்டார்கள். வயதையும் தொகையையும் பொறுத்துப் பட்டியல் மாறும். பெரும்பாலும் செலவை நிறுவனமே ஏற்கும்.

தொழிலையும் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. பீங்கான் தயாரிக்கும் இடத்தில் களிமண், குவார்ட்ஸ் தூளில் இருந்து சிலிக்கா தூசி பறக்கும். அதை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்சார் நோய்கள் பட்டியலிலும் இது இடம்பெற்றிருந்தது. தூசியில் வேலை செய்பவரிடம் மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் பரிசோதனை கேட்க வாய்ப்பு உண்டு. 'கூலி வேலை' என்று பொதுவாக எழுதாமல், எந்த வேலை என்று தெளிவாக எழுதுவதே பாதுகாப்பு.

நோய் இருந்தால் மறுத்துவிடுவார்களா?

உடனே மறுப்பதில்லை. வழக்கமான பிரீமியத்தில் ஏற்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், சில மாதம் கழித்து வரச் சொல்லலாம். கடைசியில்தான் நிராகரிப்பு. கட்டுப்பாட்டில் உள்ள சுகர், பிபி-க்குப் பெரும்பாலும் கூடுதல் பிரீமியத்தோடு பாலிசி கிடைக்கும். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மறைத்தால் என்ன ஆகும்?

இங்குதான் குடும்பம் சிக்கிக்கொள்கிறது. காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 45-வது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் முடிந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்தத் தேதியில் இருந்து 3 ஆண்டுகள் மறுபடி தொடங்கும்.

இந்த 3 ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்து, முக்கியத் தகவல் மறைக்கப்பட்டது தெரிந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம். மோசடி இல்லை, தகவல் தவறு மட்டுமே என்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நாமினி தலையில் விழுகிறது.

2014 ஆகஸ்ட்டில் பாலிசி எடுத்த ஒருவர் அடுத்த மாதமே இறந்தார். அதற்கு முன்பே இருந்த நோயைப் படிவத்தில் சொல்லவில்லை. கிளெய்மை மறுத்தது சரியே என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2021 டிசம்பரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு வழக்கில், சொல்லப்பட்ட உடல்நிலையைப் பரிசீலித்து பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்று கூறியது. ஆக, படிவத்தில் எழுதிக் கொடுத்த நோய்தான் பின்னாளில் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

கையெழுத்து போடும் முன்...

* படிவத்தை வேறு யார் நிரப்பினாலும் படித்துப் பார்த்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.
* சாப்பிடும் மாத்திரை, முந்தைய அறுவை சிகிச்சை, வேறு பாலிசிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.
* பாலிசி வந்ததும் இணைத்துள்ள படிவ நகலைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போன்றவை கழிக்கப்படும்.

மறுத்துவிட்டால் வேறு வழி?

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 50 வயது வரையிலானவர்கள் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பீடு 2 லட்சம். மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து தவிர்த்த மரணத்துக்குப் பணம் கிடைக்காது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐஆர்டிஏஐ உதவி எண்: 155255.

விருத்தாசலத்துக்காரருக்கும் பதில் இதுதான்: பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, சுகர் இருப்பதை எழுதிவிடுங்கண்ணே. நாளைக்கு அந்தப் பணத்துக்காக அலையப்போவது நீங்க இல்லை, உங்க வீட்டுல இருக்கறவங்க.